சேற்றுக்குப் பிறகு வரும் காய்ச்சல்: சீனி வருத்தக்காரர் பார்மசிக்கு ஓடவேண்டாம்

மாரி மழை ஓய்ந்து படுவான்கரை வயல்களில் தண்ணீர் வடியத் தொடங்கியதும் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் ஒரே கதைதான். வயலுக்குப் போய்வந்த ஐம்பது வயதுக்காரருக்குக் காய்ச்சல். ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ளவர். இரண்டு நாள் பெனடோல். மூன்றாம் நாள் பார்மசியில் வாய்ச்சொல்லாகக் கேட்டு வாங்கிய அன்டிபயோட்டிக் நாலு குளிசை. காய்ச்சல் சற்று இறங்கிவிட்டு மறுபடி ஏறும். வேறொரு டிஸ்பென்சரி, வேறு நிறத்தில் குளிசை. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. அங்கே வயலில் நின்றதை அவரும் சொல்வதில்லை, எவரும் கேட்பதுமில்லை.

மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் டெங்கு அல்ல, எலிக்காய்ச்சலும் அல்ல. மண்ணிலேயே குடியிருக்கும் ஒரு பக்டீரியா தரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் உண்டு. அந்தக் கிருமியின் பெயர் பர்கோல்டேரியா சூடோமாலை. நோயை முதலில் விவரித்தவர்கள் ரங்கூனில் வேலை செய்த விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும்; அது 1912இல். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகியிருக்கிறார். ஆனாலும் கடந்த இருபது ஆண்டுகளில்தான் நமது மருத்துவர்கள் இதைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள். தேடத் தேடக் கிழக்கு மாகாணத்திலும் நோயாளிகள் அகப்பட்டார்கள். உலகெங்கும் ஆண்டுக்கு 165,000 பேருக்கு இது வருவதாகவும் அவர்களில் 89,000 பேர் இறப்பதாகவும் 2016இல் வெளிவந்த மதிப்பீடு சொல்கிறது. பாதிக்கு மேல் சாவு.

இது ஏன் வயலில்? ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள், ஆயிரக்கணக்கான வகைகள். எந்த வகை தழைக்கும், எது ஒடுங்கும் என்பதை உப்பு, புளிப்பு, ஈரம், மக்கிய தழை ஆகியவை தீர்மானிக்கின்றன. புளிப்பும் காரமும் மிஞ்சாத மண்ணில் வகைகள் அதிகம். புளித்த மண்ணில் குறைவு. கடற்கரை மணலிலும், வாவியோர உவர் நிலத்திலும், தண்ணீர் தேங்கிய வயல் களியிலும் வாழ்வது ஒரே கூட்டமல்ல. சூடோமாலைக்கு ஈரமான வயல் மண் பிடிக்கும். வடகிழக்குத் தாய்லாந்தில் ஆராய்ந்தபோது, சத்துக் குறைந்த மண்ணில்தான் அது அதிகம் காணப்பட்டது. வைக்கோலை எரித்து, தழையெரு போடாமல் வருடா வருடம் விதைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோடையில் அது ஈரத்தைத் தேடி அடி மண்ணில் கிடக்கும். மழையில் நிலத்தடி நீர் உயரும்போது மேலே வரும். பெரும்போகத்தில் கணுக்காலளவு சேற்றில் நிற்பவரின் குதிகால் வெடிப்பு, வரப்புக் கல் கீறிய காயம், எல்லாம் அதற்கு வாசல். புயல் மழையில் காற்றோடு மூச்சிலும் போகும். அழுக்கான நீரைக் குடித்தாலும் வரும்.

நல்ல உடம்புக்காரரை இது பெரும்பாலும் விட்டுவிடும். சீனி வருத்தம், சிறுநீரக நோய், தலசீமியா உள்ளவர்களையும் மதுப் பழக்கமுள்ளவர்களையும்தான் பிடிக்கும். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் சீனி வருத்தக்காரர்கள். சேற்றில் இறங்கிய சில நாட்களிலிருந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வரலாம். சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். நிமோனியா போலவும், ஆறாத சீழ்க்கட்டி போலவும், சயரோகம் போலவும் வேஷம் போடும். சளியில் சயரோகக் கிருமி அகப்படாமலே சயரோக மருந்து குடித்தும் தேறாதவர்கள் இதையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வது? இதைக் கவனமாக வாசியுங்கள். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால், சீனி வருத்தக்காரர் அதற்கு முன்பே, காத்தான்குடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியரிடம் இரண்டு விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள்: எனக்குச் சீனி இருக்கிறது, இத்தனை நாளுக்கு முன் சேற்றில் நின்றேன். ஏற்கெனவே குளிசை குடித்திருந்தால் வெற்று அட்டையையும் காட்டுங்கள். அன்டிபயோட்டிக் தொடங்குமுன் பிளட் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கட்டி இருந்தால் சீழையும் அனுப்பச் சொல்லுங்கள். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. கேட்பது உங்கள் உரிமை, மரியாதைக் குறைவல்ல.

அறிக்கை வர நாட்கள் பிடிக்கும். அதில் ‘சூடோமோனாஸ்’ என்றோ, வெளியிலிருந்து கலந்த கிருமி என்றோ எழுதியிருந்தால், இது மெலியோய்டோசிஸாக இருக்குமா என்று கேளுங்கள். ஆய்வுகூடங்கள் இதை அப்படித் தவறவிடுவது வழக்கம். ஒருமுறை கிருமி வளரவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. மறுபடி எடுக்க வேண்டிவரும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ் ஒளிந்திருக்கும் என்பதால் வயிற்று ஸ்கேனும் தேவை.

மருந்துச்சீட்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்பது சட்டம். அதை மதிக்காத பார்மசிகள் உண்டு. வாங்குகிறவர்களும் நாம்தான். வழக்கமான பென்சிலின் வகைக் குளிசைகளுக்கு இந்தக் கிருமி அடங்காது, கல்ச்சரை மட்டும் குழப்பிவிடும். மறுபடியும் சொல்கிறேன்: பார்மசிக் குளிசை வேண்டாம். எலிக்காய்ச்சலுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தரும் டொக்சிசைக்ளினைக் கட்டாயம் குடியுங்கள், ஆனால் அது இந்த நோயையும் தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

வெள்ளம் வந்தால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று ஒலிபெருக்கி கத்துகிறது. இந்த நோயின் பெயர் எத்தனை அறிவிப்பில் வந்திருக்கிறது? கமக்காரர் அமைப்புகள் சும்மா இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள். கடந்த ஐந்து வருடங்களில் மாவட்டத்தில் எத்தனை மெலியோய்டோசிஸ் நோயாளிகள், எந்தப் பிரிவுகளில் என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு வரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

சேற்றில் இறங்குமுன் முழங்கால் பூட்ஸ் போடுங்கள், காயத்தை நீர்புகாமல் கட்டுங்கள். வெறுங்காலுடன் நின்றால், ஏறியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் குளோரின் போடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள், அதுவரை கொதித்த நீர் மட்டும்.

நோய் உறுதியானால் செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள். பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதமாவது. இந்த இரண்டாம் பகுதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். காய்ச்சல் போய்விட்டது, இனியென்ன என்று விடுவார்கள். நோய் திரும்பும்போது முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். வீடு போகும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் நோயின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வார்ட்டிலேயே பாருங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அப்போதே சொல்லுங்கள். கிளினிக்கில் இரத்தமும் சிறுநீரகமும் சோதிக்க வரச்சொன்ன திகதியில் கார்ட்டோடு போங்கள், குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே அடுத்த சீட்டை வாங்கிவிடுங்கள்.