எல்லார்க்கும் ஒரு துண்டு

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் கேக்கின் மணம் எழத் தொடங்குகிறது. 1929ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்து வளர்ந்த அண்ணாமலை நகரிலும் அவ்வாறே. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் குடும்பம் முழுவதும் மேசையைச் சூழ்ந்து அமர்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் "எனக்கு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளி வைக்கிறார். அவர் நீரிழிவோ இதய நோயோ உள்ள நம் தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருப்பார். நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆகவே இஃது ஒரு வீட்டின் குறையன்று.

வழக்கமான கேக்கில் மாவு, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றும் சம எடை. 150 கிராம் வெண்ணெயில் ஏறத்தாழ 120 கிராம் கொழுப்பு உண்டு. ஒவ்வொரு கிராம் கொழுப்பும் 9 கலோரி தருவது. சாக்லேட் கட்டியைச் சேர்த்தால் கொழுப்பு இன்னும் கூடும். கோக்கோப் பொடியோ, கோக்கோக் கொட்டையிலிருந்து கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்தபின் எஞ்சுவது. கொழுப்பு குறைகிறது, சாக்லேட்டின் சுவை நிற்கிறது.

வெண்ணெய் தரும் மென்மைக்கு என்ன செய்வது? நம் கடைவீதிகளில் எந்நாளும் கிடைக்கும் கனிந்த பூவன் பழமே போதும். அதன் கூழ் கேக்கை உலரவிடாது காக்கும். எண்ணெயை முற்றிலும் நீக்கினால் கேக் இரப்பர்போல் ஆகிவிடும். ஆகவே சிறிதளவு சேர்க்கிறோம்.

தேவையானவை: கோதுமை மாவு 150 கிராம், கோக்கோப் பொடி 30 கிராம், சர்க்கரை 100 கிராம், பழக் கூழ் 200 கிராம், முட்டை 2, தயிர் 4 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

மாவு, கோக்கோ, பேக்கிங் பவுடர், சோடா உப்பு, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்துக்கொள்க. மற்றவற்றைத் தனியே நன்கு அடித்து, மாவை அதில் சேர்த்து மெதுவாகக் கலக்குக. அதிகம் கலக்கினால் கேக் கடினமாகும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, ஓவனில் 180 டிகிரி செல்சியசில் 30 முதல் 35 நிமிடம் வேகவிடுக. ஓவன் இல்லாதோர் குக்கரில் தூளுப்பைப் பரப்பி, இரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கி, 10 நிமிடம் சூடேற்றியபின் பாத்திரத்தை உள்ளே ஒரு தாங்கியின்மேல் வைத்து, சிறு தீயில் சுமார் 45 நிமிடம் வைக்கலாம். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக்கூடாது. ஆறியபின் 12 துண்டுகளாக வெட்டுக.

இதில் சேரும் எண்ணெயின் கொழுப்பு 27 கிராம் மட்டுமே. ஒரு துண்டில் நாம் சேர்த்த சர்க்கரை சுமார் 8 கிராம். ஆயினும் கொழுப்புக் குறைந்தது என்பதற்காக இரண்டு மூன்று துண்டுகள் உண்பது தகாது. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவனவே. பழத்திலும் இனிப்பு உண்டு. நீரிழிவு உள்ளோர் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்தல் வேண்டும்.

கானாவூர்த் திருமண வீட்டில், பந்தியில் நேர்ந்த குறையைக் கண்டுணர்ந்தவர் அன்னை மரியாள். நம் வீட்டு மேசையிலும் யாருக்கு இல்லை என்று நோக்கும் கண் நமக்கு வேண்டும். இவ்விழாவில் தாத்தாவின் தட்டிலும் ஒரு சிறு துண்டு இருக்கட்டும்.