தரைக்கேற்ற பந்து, கைக்கேற்ற தோல்

சர்வதேச வாலிபால் கூட்டமைப்பின் விதிநூல் பந்தைப் பற்றி மூன்று அளவுகளை எண்களில் சொல்கிறது. சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., எடை 260 முதல் 280 கிராம், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ. மேலுறை பற்றி, வளைந்து கொடுக்கும் தோலாகவோ செயற்கைத் தோலாகவோ இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால்தான் இந்த மூன்று கணக்கிலும் தேறிய இரண்டு பந்துகளில் ஒன்று கையில் மெத்தென்று உட்காருகிறது, இன்னொன்று மணிக்கட்டைச் சிவக்க வைக்கிறது. எந்தத் தோல் நல்ல தோல் என்று கேட்டால் கடைக்காரர் விலையைக் காட்டுவார், ஆட்டக்காரர் சர்வதேசப் போட்டியில் பார்த்த பந்தின் பெயரைச் சொல்வார். இரண்டுமே அரைகுறைப் பதில்கள். ஆடும் தரை எது, அடிக்கும் கை யாருடையது என்ற இரண்டையும் கேட்காமல் மேலுறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த ஆட்டம் பிறந்ததே பந்துப் பிரச்சினையோடுதான். 1895-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் இதை உருவாக்கியபோது, கூடைப்பந்து கனமாக இருந்தது. அதன் உள்ளே இருக்கும் பிளாடரை மட்டும் எடுத்து ஆடினால் லேசாக, மெதுவாகப் போனது. கடைசியில் ஸ்பால்டிங் நிறுவனம் தோல் போர்த்திய தனிப் பந்து ஒன்றைச் செய்துகொடுத்தது. இன்றைய பந்தின் அடுக்குகளை அறிந்தால் ‘ஃபீல்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது எங்கிருந்து வருகிறது என்பது புரியும். நடுவில் ரப்பர் பிளாடர். ஒட்டுப் பந்து என்றால் அதன்மேல் நூல் சுற்றி, ரப்பர் பூச்சு கொடுத்து, துண்டுகளை ஒட்டுவார்கள். உருண்டை பிசகாது, அடி ஒரே சீராக விழும். தையல் பந்தில் துணி வைத்த துண்டுகளை நூலால் இணைப்பார்கள். தொட்டால் மிருதுவாக இருக்கும், ஆனால் நாளடைவில் உப்பி வடிவம் மாறக்கூடும். வெளித்தோல் இந்த அடுக்குகளின் கடைசிப் படி மட்டுமே. அடியில் மெத்தை இல்லாத பந்துக்கு எவ்வளவு உயர்ந்த தோல் போட்டாலும் கை வலிக்கத்தான் செய்யும்.

அந்தக் கடைசிப் படியில் நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. வார்ப்பு ரப்பர் மலிவானது, கடினமானது, மழைக்கும் கல்லுக்கும் அஞ்சாதது. பி.வி.சி. பளபளக்கும், தண்ணீர் குடிக்காது, ஆனால் வியர்த்த கையில் வழுக்கும். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் மென்மையும் பிடிப்பும் கொண்டது. மைக்ரோஃபைபர் துணியின்மேல் பி.யு. பூசிய உறை எல்லாவற்றிலும் மிருதுவானது. பெரிய போட்டிகளுக்கான பந்துகள் இந்த ரகம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வந்த மிகாசா பந்துக்கு எட்டே துண்டுகள். 2019-இல் வந்த வி200டபிள்யூ பந்து 18 துண்டுகளுக்குத் திரும்பியது. இரண்டின் மேலுறையிலும் சிறு குழிகள் உண்டு. சுழலாமல் போகும் சர்வீஸ் காற்றில் தள்ளாடும் விதம், மேலுறையின் சொரசொரப்பையும் துண்டுகள் சேரும் கோடுகளையும் பொறுத்து மாறும் என்பதால் இந்த நுணுக்கம் வெறும் அழகுக்காக அல்ல.

ஆனால் அந்த நுணுக்கம் மரத்தரை அரங்கத்துக்காகச் செய்யப்பட்டது. தமிழ்நாட்டு ஊர்களிலும், இந்த ஆட்டத்தைத் தேசிய விளையாட்டாகக் கொண்டு கரப்பந்து என்றழைக்கும் இலங்கையிலும் வாலிபால் பெரும்பாலும் மண்ணில்தான் ஆடப்படுகிறது. பொடிக்கல் கலந்த செம்மண் உப்புத்தாள் போலத் தேய்க்கும். மைக்ரோஃபைபரின் மெல்லிய பூச்சு முதலில் போகும். பின் துணி தெரியும், புழுதியும் ஈரமும் ஏறும், பந்து கனக்கும். பி.யு. வகைகள் சில, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த கடற்கரைக் காற்றில், ஆடாமல் அலமாரியில் இருந்தாலே பிசுபிசுத்து உரியும். மண் தரைக்குக் கெட்டியான பி.யு. உறை போட்ட ஒட்டுப் பந்தே பொருத்தம். ரப்பர் பந்து, வேறு வழியில்லாத சிமென்ட் தரைக்கு.

போட்டியில் ஆடும் பந்திலேயே பயிற்சி எடுத்தால்தானே கை பழகும் என்பார்கள். நியாயமான கேள்விதான். அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் லிஃப்டரின் விரல் நுனிக்கு மேலுறையின் வித்தியாசம் உடனே தெரியும். அரங்கத்தில் ஆடப் போகும் அணி அந்தப் பந்து ஒன்றை வாங்கி, போட்டிக்கு முந்தைய வாரங்களில், சுத்தமான தரையில் மட்டும் எடுக்கலாம். ஆண்டு முழுக்க அதையே மண்ணில் தேய்த்தால், போட்டி நாளன்று கையில் இருப்பது அதே பெயர் கொண்ட வேறொரு பந்து. இன்னொரு வாதம், கடினமான பந்தில் அடிபட்டால்தான் பிள்ளைகளின் கை உறுதியாகும் என்பது. வலிக்கு அஞ்சும் குழந்தை முழங்கையை மடக்கும், முகத்தைத் திருப்பும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது கடினம். மிகாசா, மோல்டன் ஆகிய பந்து நிறுவனங்கள் பிறந்த ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 200 முதல் 220 கிராம் எடையுள்ள சிறிய பந்தைத்தான் தருகிறார்கள்.

மேலுறையைக் குறை சொல்லும் முன் காற்றையும் பார்க்க வேண்டும். கடற்கரை வாலிபால் பந்தின் எடை வரம்பும் 260 முதல் 280 கிராம்தான், ஆனால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.175 முதல் 0.225 கிலோ என்பதால் அது கையில் அவ்வளவு மெத்தென்று விழுகிறது. நம் மைதானங்களில் சைக்கிள் பம்பால் கைக்கணக்கில் அடித்து, கால்பந்து போல் கல்லாக்கிய பிறகு ‘இந்தப் பந்து சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதுகிறோம். அடுத்த முறை பந்து வாங்கும்போது, மேல் ரகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து அழுத்தம் காட்டும் அளவி ஒன்று வாங்குங்கள். வால்வின் அருகில் அச்சிட்ட அழுத்தத்துக்குக் காற்று வையுங்கள், ஆடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர விடுங்கள். உங்கள் தரைக்குப் பொருந்திய நடுத்தரப் பந்து, பொருந்தாத உயர்தரப் பந்தைவிட நீண்ட நாள் உழைக்கும்.