மலையும் ஒரு தீவே: ஒட்டுண்ணிக் குளவிகள் இனம் பிரியும் விதம்

கோவா இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் கமக்காரர், அரிசி மணியிலும் சிறிய வெண்ணிறக் கூடுகள் அங்கு ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பர். அவற்றைப் புழுவின் முட்டையென எண்ணி நசுக்குவோர் பலர். இவ்விடயத்தில் யானும் ஒரு பிழை செய்தவன். இப்பகுதிக்கு வந்த முதல் வருடம், “வெள்ளை முட்டை பிடித்திருக்கிறது” என்று ஒருவர் கூறக் கேட்டு, பாத்திக்குச் சென்று பாராமலே நசுக்கிவிடுமாறு சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை அவருடைய தாயார், கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற முதியவர், ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். “தம்பி, முட்டையின்னா புழு தானே வரணும்? இதுல ஈ மாதிரி ஒண்ணு வந்திருக்கே” என்றார். பெட்டியினுள் கறுத்த சிறு குளவிகள் நான்கு இருந்தன. புழுவின் உடலுள் வளர்ந்து, அதனைக் கொன்று, வெளியே வந்து கூடு கட்டிய ஒட்டுண்ணிக் குளவிகளே அவை. நாங்கள் நசுக்கியது எமது காவற்காரரை.

இக்குளவிகள் மனிதரைக் கொட்டும் பெருங் குளவிகளல்ல. பெண் குளவி, புழுவின் உடலின்மேலோ உள்ளேயோ முட்டையிடும். குடம்பிகள் அப்புழுவையே உணவாகக் கொண்டு வளரும். ஈற்றில் புழு இறக்கும். பெரும்பாலான குளவியினங்கள் தமக்கென ஒரு புழுவையோ, ஒரு சில புழுக்களையோ மட்டுமே நாடும். இந்தக் கண்டிப்பான தெரிவே, குளவியினங்கள் இத்தனை பலவாகப் பிரிந்ததற்கும், ஒரு குளவியை இழந்தால் அதன் வேலையை இன்னொன்று எளிதில் ஏற்காமைக்கும் காரணமாகும்.

ஓர் இனம் பலவாகப் பிரிவதை நன்கு காட்டுவன பெருங்கடலின் நடுவேயுள்ள தீவுகள். ஹவாய்த் தீவுகளை எடுத்துக்கொள்வோம். எரிமலைக் குழம்பினால் கடலினின்று எழுந்த இத்தீவுகள் எக்காலத்திலும் எக்கண்டத்தோடும் இணைந்திருக்கவில்லை; அண்மையிலுள்ள கண்டமும் 2,000 மைலுக்கு அப்பாலே உள்ளது. அங்கு செல்லும் பூச்சி காற்றினாலோ மிதக்கும் மரத்தினாலோ தான் செல்லவேண்டும். ஒட்டுண்ணிக் குளவிக்கோ இன்னுமொரு தடையுண்டு. அது சென்று சேரும் இடத்தில் அதற்கேற்ற புழு இல்லையேல் அதன் வழி அத்தோடு முடிந்தது. ஆதலால் வந்து நிலைத்த குளவிகள் மிகச் சில.

அச்சிலவற்றுக்கோ வாய்ப்புகள் மிகப் பெரியன. தாயகத்தில் பத்துக் குளவியினங்கள் பங்கிட்ட புழுக்கள் யாவும் தீவில் காப்பாரற்றுக் கிடந்தன. குளவிகளில் கருக்கட்டாத முட்டை ஆணாகவும், கருக்கட்டிய முட்டை பெண்ணாகவும் வளர்வது பொது வழக்கு. எனவே, ஆணோடு சேர்ந்த பெண் ஒன்று கரையேறினாலே ஒரு குலம் தொடங்கப் போதும். அதன் சந்ததியில் சில இலை சுருட்டும் புழுவையும், சில கொப்பினுள் வாழும் புழுவையும் நாடத் தொடங்கும். பல குளவிகள் தாம் வெளிவந்த இடத்திலேயே துணை தேடுவன. பிறந்த புழுவின் மணத்தையும், அப்புழு உண்ட செடியின் மணத்தையும் நாடிச் செல்வன. ஆகவே வெவ்வேறு புழுக்களிற் பிறந்தவை ஒன்றையொன்று சந்திப்பதே அரிதாகும். இடையில் ஒரு கடலோ, எரிமலைக் குழம்பு பாய்ந்த வெளியோ வந்துவிட்டாற் சொல்லவேண்டியதில்லை. தலைமுறைகள் பல கழிந்தபின் அவை கூடினாலும் சந்ததி உண்டாகாத நிலையை அடைகின்றன. அதுவே புதிய இனமாகும்.

ஹவாயில் வாழும் சியறோலா என்னும் குளவிச் சாதி இதற்கு எடுத்துக்காட்டு. மிகச் சில மூதாதைகளிலிருந்து தோன்றிய இச்சாதியில் சுமார் 180 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அத்தீவுகளில் கௌவாய் ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள் பழையது. ஹவாய் எனப்படும் பெருந்தீவுக்குப் பத்து இலட்சம் ஆண்டும் நிரம்பவில்லை. புதிய தீவு எழுந்தோறும் குளவிக்குப் புதிய வீடு கிடைத்தது. இக்குளவியின் குடும்பத்தைச் சேர்ந்த உறவினன் ஒன்று நம் நாட்டுத் தென்னந்தோட்டங்களில் கருந்தலைப் புழுவைக் கொன்று திரிகிறது என்பதையும் இங்கு சொல்லிவைக்கலாம்.

இனி நம் இடத்துக்கு வருவோம். இலங்கை ஹவாயைப் போன்ற பெருங்கடல் தீவன்று. பாக்கு நீரிணை ஆழமற்றது. இற்றைக்கு 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தில், கடல் மட்டம் ஏறத்தாழ 400 அடி தாழ்ந்திருந்தபோது இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாயிருந்தன. அப்படியாயின் இரு நாட்டுக் குளவிகளும் ஒன்றாகவன்றோ இருக்கவேண்டும் என்று கேட்கலாம். தாழ்நிலத்துப் பூச்சிகளுக்கு அது பெரிதும் பொருந்தும். குளிர்மலையில் வாழ்வனவற்றுக்கோ பொருந்தாது. பட்டிப்பொலப் புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் உள்ளது. அதற்கு மேலே ஹோட்டன் சமவெளி. இக்குளிரில் பழகிய சிறு பூச்சி ஆனைமலைக்கோ நீலகிரிக்கோ செல்லவேண்டின், வெப்பமும் வறட்சியும் மிகுந்த பெருஞ் சமவெளியைக் கடக்கவேண்டும். அதற்கு அந்த வெளியே கடல்; இந்த மலையே தீவு.

இது வெறுங் கற்பனையன்று. 2004 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலுமுள்ள மரத்தவளை, நன்னீர் நண்டு முதலியவை ஒப்பிடப்பட்டன. நிலப்பாலம் இருந்தும் அவை இரு பக்கமும் அதிகம் கலக்கவில்லை என்பது புலனாயிற்று. மலைநாட்டினுள்ளேயே மற்றொரு சான்றுண்டு. ஹோட்டன் சமவெளிக் காட்டில் மூக்கின் நுனியில் வெண்கொம்புடைய ஓணானைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மகாவலிப் பள்ளத்தாக்குக்கு அப்பால் நக்கிள்ஸ் மலையில் அதன் உறவினனுக்குக் கொம்பின் இடத்தில் இலைபோன்ற தட்டையான உறுப்பு உள்ளது. இடையே ஒரு பள்ளத்தாக்குத்தான், இனமோ வேறு. ஓணானைப் பிரித்த பள்ளத்தாக்கு, அதனினும் மிகச் சிறிய குளவிக்குத் தடையாகாமற் போகுமோ? நம் நாட்டுக் குளவிகளை இனங்காணும் வேலையும் நெடியது. மண்ணிலுள்ள வெண்புழுவைக் கொல்லும் குளவிக் குடும்பத்தைப் பற்றி அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்துக் கார்ல் குரொம்பைன் எழுதிய நூல் 1978 இலேயே வெளிவந்தது.

தீவுகளில் ‘வெற்றிடம்’ இருக்கும் என்றேன். அதனால் வரும் கேட்டையும், அது தீர்ந்த விதத்தையும் நமது தேயிலை மலைகளே கண்டன. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் இலைசுருட்டிப் புழுவை, 1861 இல் நீற்னர் என்பவர் இந்நாட்டுக் கோப்பிச் செடியிற் கண்டு விவரித்தார். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது புழுவும் தேயிலைக்கு மாறிற்று. யாவாவிலும் இப்புழு உண்டு. ஆனால் அங்கே அதனை அடக்கும் குளவி ஒன்றும் இருந்தது. அக்குளவி கடல் கடந்து இங்கு வரவில்லை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சி. எச். காட் முதலியோரின் முயற்சியால் 1935–36 இல் அது யாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டு மலைகளில் விடப்பட்டது. அப்போது அதற்கு விஞ்ஞானப் பெயர்கூட இல்லை. மக்ரோசென்றஸ் ஹோமோனே என்ற பெயர் 1938 இலேயே இடப்பட்டது. இக்குளவி இடும் ஒரு முட்டையே பல கருக்களாகப் பிரிந்து, ஒரு புழுவிலிருந்து பல குளவிகளைத் தரும். சில ஆண்டுகளில் இலைசுருட்டிப் புழு பெருந் தொல்லை என்ற நிலையினின்று நீங்கிற்று.

பின்னர் நடந்ததைத் தோட்டங்களிலுள்ள முதியோர் சிலர் இன்றும் கூறுவர். 1950 களின் பிற்பகுதியில், கொப்புத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்கு டீல்டிரின் என்னும் மருந்து தெளிக்கப்பட்டது. சுருட்டிய இலையினுள் இருந்த புழு தப்பியது. வெளியே திரிந்த குளவி மடிந்தது. அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் கிளம்பிற்று. அம்மருந்தைக் கைவிட்ட பின்னரே குளவி திரும்பவும் மேலோங்கியது. பரந்த கண்டத்தில் ஒரு வயலில் மாண்ட குளவிக்குப் பதிலாக அயலிலிருந்து வேறு இனங்களும் வரக்கூடும். தீவில் அவ்வேலைக்கு ஒன்றே உண்டெனின், அது மாளும்போது அவ்விடம் வெறுமையாகும்.

இதனைக் கேட்டு, எப்புழுவுக்கும் வெளிநாட்டுக் குளவியைக் கொண்டுவரலாம் என எண்ணுவதும் தவறு. ஹவாயில் கௌவாய்த் தீவின் அலகாய்ச் சதுப்புக் காட்டில், அந்நாட்டுக்கே உரிய அந்துப்பூச்சிகளின் புழுக்களை வளர்த்துப் பார்த்தனர். அவற்றிலிருந்து வெளிவந்த ஒட்டுண்ணிகளுள் நூற்றுக்கு 83 பங்கு, பயிர்ப் பீடைகளுக்காக முன்னர் இறக்குமதி செய்யப்பட்டவை. சுதேச ஒட்டுண்ணிகள் நூற்றுக்கு 3 பங்கே. இம்முடிவு 2001 இல் வெளியாயிற்று. நம் பாத்திகளின் எல்லையிலேயே ஹோட்டன் சமவெளிக் காடு தொடங்குகின்றமையால், இது நமக்கு அயல்நாட்டுக் கதையன்று. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றி உயிர்ப்பூச்சிகளை நாட்டுக்குள் கொண்டுவருதல் ஆகாது.

மருந்து தெளிக்க முன், பாத்தியின் பல இடங்களிலிருந்து இருபது புழுக்களையும், வெண்கூடுகள் இருப்பின் அவற்றையும், சிறிது இலையோடு ஒரு போத்தலில் இடுங்கள். வாயை மெல்லிய துணியாற் கட்டி, வெயில் படாத இடத்தில் வைத்து, இலையை நாள்தோறும் மாற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு நாட்களில் அந்துப்பூச்சி எத்தனை, குளவி எத்தனை என எண்ணலாம். குளவிகள் பாதிக்கு மேலாயின், உடனே தெளிக்காது போதனாசிரியரோடு கலந்து பேசுங்கள். இரண்டொரு குளவியைச் சாராயத்தில் இட்டு, பிடித்த இடத்தையும் திகதியையும் எழுதி அலுவலகத்திற் கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றைப் பாத்தியோரத்தில் மாலைவேளையில் திறந்துவிடுங்கள்.