நான்கு நாளில் ஒரு வருடம்: 51 பெகாசியும் அதன் கோளும்

பெகாசஸ் என்கிற பறக்கும் குதிரை மண்டலப் பகுதியில் நான்கு நட்சத்திரங்கள் சேர்ந்து வானத்தில் ஒரு பெரிய சதுரம் போடும். அந்தச் சதுரத்தை ஒட்டி, தெருவிளக்கு இல்லாத ஊரில், நிலா இல்லாத ராத்திரியில் மட்டும் மங்கலாகத் தெரிகிற ஒரு புள்ளிதான் 51 பெகாசி. சுமார் 50 ஒளியாண்டு தூரம். கிட்டத்தட்ட நம்ம சூரியன் மாதிரியே ஒரு நட்சத்திரம். அதைத் தனியாகக் கவனிக்க 1995 வரைக்கும் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்த வருடம் அக்டோபர் 6 அன்று, ஜெனீவா வானாய்வகத்தைச் சேர்ந்த மிஷெல் மேயரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் டிடியே கெலோவும் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் நடந்த கூட்டத்தில் ஒரு அறிவிப்பு செய்தார்கள். அந்த நட்சத்திரத்தை ஒரு ராட்சதக் கோள் சுற்றுகிறது. எடை, வியாழனில் குறைந்தது பாதியளவு. ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் 4.23 நாள். சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றுவதாக உறுதியான முதல் கோள் இதுதான். 2019-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் கேள்வி வேறு. இவ்வளவு பெரிய கோள், இவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது. கண்டுபிடிக்க இதைவிட வசதியான கோள் கிடைக்காது. அப்புறம் ஏன் 1995 வரைக்கும் ஆச்சு?

கோளைப் பார்க்காமல் கோளைக் காண்பது

முதலில் முறையைப் பார்த்துடலாம். ஒரு அப்பா குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றுகிறார் என்று வையுங்கள். குழந்தை பெரிய வட்டம் போடும். அப்பாவும் பின்னால் சாய்ந்து சின்னதாக ஒரு வட்டம் போடுவார். இருட்டில் குழந்தை தெரியாவிட்டாலும், அப்பா ஆடுவதை வைத்தே அவர் கையில் யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நட்சத்திரமும் அப்படித்தான். கோள் இழுக்க இழுக்க, அது நம்மை நோக்கிக் கொஞ்சம் வரும், அப்புறம் கொஞ்சம் விலகும்.

அந்த ஆட்டத்தை அளக்க உதவுவது டாப்ளர் விளைவு. நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் இருக்கும். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். 51 பெகாசியின் ஆட்டம் விநாடிக்கு சுமார் 56 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டர். கேட்க வேகமாக இருக்கலாம். ஆனால் ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் 50 லட்சத்தில் ஒரு பங்கு. கோடு நகரும் அளவும் அதே விகிதம்தான்.

வியாழன் போட்ட முன்மாதிரி

நமக்குத் தெரிந்த ராட்சதக் கோள் வியாழன். அது சூரியனைச் சுற்ற கிட்டத்தட்ட 12 வருடம் எடுக்கிறது. சூரியனை விநாடிக்கு 12.5 மீட்டர் அளவுக்குத்தான் ஆட்டுகிறது. ராட்சதக் கோள்கள் நட்சத்திரத்துக்குத் தொலைவில், குளிர்ந்த பகுதியில்தான் உருவாக முடியும் என்பது அன்றைய கோட்பாடு. இரண்டையும் சேர்த்தால் வரும் முடிவு: கோள் தேடணும்னா பத்து வருடமாவது பொறுமையாக அளக்கணும்.

கனடாவின் புரூஸ் கேம்ப்பெல், கோர்டன் வாக்கர் குழு அந்தப் பொறுமையோடுதான் உழைத்தது. ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற அபாயகரமான வாயுவை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சுமார் 12 வருடம், 21 நட்சத்திரங்களைக் கவனித்தார்கள். 1995-ல் வெளியான அவர்கள் கட்டுரை, வியாழன் போன்ற கோள் எதுவும் அகப்படவில்லை என்றது.

கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் 1987 முதல் தரவு சேர்த்து வந்தார்கள். அதைக் கணக்கிட அன்றைய கணினிகளுக்கு நிறைய நேரம் பிடித்தது. எப்படியும் பத்து வருடத் தரவு வேணும் என்கிறபோது, இன்றைக்கு எடுத்ததை இன்றைக்கே கணக்கிட என்ன அவசரம்? பெரும்பகுதி அப்படியே சேர்ந்து கிடந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1952-லேயே ஓட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் ஒரு சின்னக் கட்டுரையில், கோள் ஏன் நட்சத்திரத்துக்கு மிக அருகில் இருக்கக் கூடாது, ஒரே நாளில் ஏன் சுற்றக் கூடாது என்று கேட்டிருந்தார். இதே டாப்ளர் முறையால் அதைத் தேடலாம் என்றும் எழுதியிருந்தார். பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

எலோடி செய்தது என்ன?

மேயர் பல வருடம் இரட்டை நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். அந்த உலகில் சில நாளில் ஒன்றையொன்று சுற்றும் ஜோடிகள் சகஜம். தெற்கு பிரான்சின் ஓட் ப்ரொவான்ஸ் வானாய்வகத்தில் 1.93 மீட்டர் தொலைநோக்கியோடு இணைத்த எலோடி கருவியால், 1994-ல் 142 நட்சத்திரங்களை அவர் குழு அளக்கத் தொடங்கியது. மென்பொருள்காரனாக எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: அந்தக் கருவியோடு ஒரு நிரலும் இருந்தது. ஒளியைப் பதிவு செய்து முடித்த கொஞ்ச நேரத்திலேயே வேகம் எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். அதனால் 51 பெகாசியின் எண்கள் ஒரு இடத்தில் நிற்காமல் மாறுவது கெலோ கண்ணில் உடனே பட்டது. லிக்கில் இருந்தவர்களிடம் திறமைக்கும் துல்லியத்துக்கும் குறைவில்லை. குறைந்தது அந்த உடனடித்தன்மை.

அவர்கள் அவசரப்படவும் இல்லை. 1995 வசந்தத்தில் நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் மறைந்தது. அதற்குள் கிடைத்ததை வைத்து, ஜூலையில் திரும்ப வரும்போது எந்த ராத்திரி என்ன வேகம் இருக்கணும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார்கள். ஜூலையில் அளந்தார்கள். கணக்கு சரியாக வந்தது. அதற்கப்புறம்தான் அறிவிப்பு.

மார்சியும் பட்லரும் சில ராத்திரிகள் அளந்து, சில நாட்களிலேயே உறுதி செய்தார்கள். பிறகு தங்கள் பழைய தரவுக்குப் போனார்கள். 1996 ஜனவரியில் இரண்டு கோள்களை அறிவித்தார்கள். தொடர்ந்து டௌ பூட்டிஸ் என்ற நட்சத்திரத்தில் 3.3 நாளில் சுற்றும் ஒரு கோளையும் கண்டார்கள். அதன் ஆட்டம் விநாடிக்கு 450 மீட்டருக்கும் மேல், 51 பெகாசியைப் போல எட்டு மடங்கு!

சந்தேகமும் பதிலும்

எல்லாரும் உடனே நம்பவில்லை. 1997-ல் டேவிட் கிரே, நட்சத்திரமே துடிப்பதால் கோடுகள் மாறுகின்றன, கோள் எதுவும் இல்லை என்று வாதிட்டார். மேலும் அளந்து பார்த்ததில் அந்த மாற்றம் காணவில்லை. மறு வருடமே அவரே அதை எழுதினார். 1999-ல் HD என்ற பட்டியலில் 209458 எண் கொண்ட நட்சத்திரத்தின் முன்னால் அதே வகைக் கோள் ஒன்று கடந்து, ஒளியைக் குறைப்பதே பதிவானது. அதோடு விவாதம் முடிந்தது.

51 பெகாசியின் கோள் நட்சத்திரத்திலிருந்து சுமார் 78 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. புதன் சூரியனிலிருந்து 5.8 கோடி கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்தில், ஆயிரம் டிகிரி வெப்பத்தில் அது பிறந்திருக்க முடியாது என்பதே பெரும்பாலோர் கருத்து. தொலைவில் உருவாகி, வாயுத் தட்டோடு உரசியோ மற்ற கோள்களால் தள்ளப்பட்டோ உள்ளே வந்திருக்க வேண்டும். கோள்கள் பிறந்த இடத்திலேயே இருக்கும் என்ற எண்ணம் இதனால்தான் ஆட்டம் கண்டது.

இன்னொரு விஷயம். ஆரம்பத்தில் இந்த வகைக் கோள்களே வரிசையாக அகப்பட்டதால், பிரபஞ்சம் முழுக்க இதுதான் போல என்று தோன்றியது. உண்மையில் சூரியன் போன்ற நட்சத்திரங்களில் நூற்றுக்கு ஒன்றில் இருந்தாலே அதிகம். 21 நட்சத்திரங்களில் ஒன்றுகூடக் கிடைக்காதது கனடாக்காரர்களின் குற்றமே இல்லை. வலையில் எளிதில் சிக்குகிற மீன் என்பதால் முதலில் வந்தது, அவ்வளவுதான்.

இப்போதைய தேடலையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பூமி சூரியனை ஆட்டுவது விநாடிக்கு 9 சென்டிமீட்டர். நட்சத்திரத்தின் மேற்பரப்புக் கொதிப்பே அதைவிடப் பல மடங்கு. அந்த இரைச்சலைக் கழிக்க எழுதும் ஒவ்வொரு நிரலும், எது இரைச்சல் என்று முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்துக்கொள்கிறது. அந்த முடிவை வியாழன் ஒருமுறை நமக்காக எடுத்துக் கொடுத்தது. இந்த முறை பூமி எடுத்துக் கொடுக்கிறதா என்று அவ்வப்போது கேட்டுக்கொள்வது நல்லது.