ஒற்றையா, இரட்டையா? ஊராட்சிக் கணக்கிற்கு ஓர் எளிய உரைகல்

புளியங்கொட்டைகளைக் கைக்குள் மறைத்துக்கொண்டு "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்பது நம் கிராமச் சிறுவர்களின் பழைய விளையாட்டு. அக்கேள்விக்குள் அடங்கிய கணித விதிகள், ஊராட்சியின் வரவு செலவைச் சரிபார்க்கும் பெரியோர்க்கும் பயன்படுவனவாகும். மன்றத்தின் முன் வைக்கப்படும் நீண்ட பட்டியலை ஒவ்வோர் உறுப்பினரும் முழுமையாகக் கூட்டிப் பார்த்தல் எளிதன்று. ஆயினும் செலவாவது ஊர்ப் பணம். அச்செலவிற்கு இசைவளிப்பவர் உறுப்பினர். ஆகவே, எழுதுகோலும் இன்றிச் சில பிழைகளைக் கண்டறிய உதவும் முறையொன்றை ஈண்டு விளக்குவோம்.

இருவகை எண்கள்

இரண்டிரண்டாகப் பிரித்தால் மீதமின்றிப் பிரிவது இரட்டைப்படை எண். ஒன்று மிஞ்சினால் அது ஒற்றைப்படை எண். எண் எத்துணைப் பெரிதாயினும் அதன் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். 0, 2, 4, 6, 8 ஆகியவற்றில் முடிவன இரட்டை. 1, 3, 5, 7, 9 ஆகியவற்றில் முடிவன ஒற்றை. இதன் காரணம் யாதெனில், பத்து என்பது ஐந்து ஜோடி. நூறும் ஆயிரமும் பத்துகளால் ஆனவை. எனவே ஜோடி சேராது மிஞ்சக்கூடியது ஒன்றாம் இடத்தில் மட்டுமே உண்டு.

கூட்டல் விதி

இரட்டையுடன் இரட்டையைக் கூட்டினால் இரட்டையே வரும். ஒற்றையுடன் இரட்டையைக் கூட்டினால், மிஞ்சிய ஒன்று அப்படியே நிற்பதால் ஒற்றை வரும். ஒற்றையுடன் ஒற்றையைக் கூட்டினாலோ, தனித்து நின்ற இரண்டும் சேர்ந்து ஒரு ஜோடியாகிவிடுகின்றன, விடை இரட்டை. கழித்தலுக்கும் இவ்விதிகளே பொருந்தும்.

இதிலிருந்து பயனுள்ள முடிவொன்று கிடைக்கின்றது. பல தொகைகளைக் கூட்டும்போது இரட்டைப்படைத் தொகைகளை விட்டுவிட்டு, ஒற்றைப்படைத் தொகைகள் எத்தனை என்று மட்டும் எண்ணுக. அவை இரட்டை எண்ணிக்கையில் இருந்தால் மொத்தம் இரட்டை. ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால் மொத்தம் ஒற்றை.

எடுத்துக்காட்டாக, 245, 318, 127, 460, 93, 75 என்னும் ஆறு தொகைகளைக் கொள்வோம். இவற்றுள் 245, 127, 93, 75 ஆகிய நான்கு ஒற்றைப்படை. ஆகவே மொத்தம் இரட்டைப்படையாதல் வேண்டும். சரியான மொத்தம் 1,318. பட்டியலின் அடியில் 1,317 என்றிருந்தால் அது பிழையென்று கூட்டாமலே கூறிவிடலாம். பைசா உள்ள பட்டியலாயின் எல்லாத் தொகைகளையும் பைசாவாகக் கொண்டு பார்த்தல் வேண்டும்.

பெருக்கல் விதி

ஒரு தோப்பில் 7 வரிசைகள். வரிசைக்கு 9 தென்னங்கன்றுகள் எனக் கொள்வோம். வரிசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஒரு வரிசை மிஞ்சும். அவ்வரிசையிலும் ஒரு கன்று மிஞ்சும். ஆகவே மொத்தமாகிய 63 ஒற்றைப்படை. வரிசைகளின் எண்ணிக்கையேனும், வரிசையிலுள்ள கன்றுகளின் எண்ணிக்கையேனும் இரட்டையாக இருந்திருப்பின் எதுவும் மிஞ்சியிராது. பெருக்கப்படும் எண்கள் யாவும் ஒற்றையானால் மட்டுமே விடை ஒற்றை. ஒன்றேனும் இரட்டையானால் விடை இரட்டை.

நாட்கூலி 436 ரூபாய் எனக் கொண்டால், வேலை செய்த ஆள் நாட்கள் எத்தனையாயினும் முழுநாட் கூலியின் மொத்தம் இரட்டைப்படையாகவே இருக்கும். 17 ஆள் நாட்களுக்கு 7,412 ரூபாய். அதனை 7,411 என எழுதிய பட்டியல் தவறானது. அவ்வாறே, சாலையின் இருபுறமும் சம எண்ணிக்கையில் நட்டதாகக் கூறப்படும் மரக்கன்றுகளுக்கு 315 என்று பட்டியல் வந்தால், ஒன்று எண்ணிக்கை தவறு. அன்றேல் இருபுறமும் சமமாக நடப்படவில்லை.

வாக்கெடுப்பில்

ஆதரவு வாக்குகளையும் எதிர்ப்பு வாக்குகளையும் கூட்டினாலும் கழித்தாலும் விடை ஒரே இனமாக இருக்கும். 9 பேர் வாக்களித்தால் வித்தியாசம் ஒற்றைப்படை. ஆகவே சமநிலை ஏற்பட இடமில்லை. 10 பேர் வாக்களித்தால் 5க்கு 5 என்று சமநிலை ஏற்படலாம். ஆனால் ஒரு வாக்கு வித்தியாசம் ஏற்படவே முடியாது. பத்துப் பேர் வாக்களித்த தீர்மானம் ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பின், வாக்குகளை மீண்டும் எண்ணிப் பார்த்தல் உறுப்பினர் கடமை.

உரைகல்லின் எல்லை

இச்சோதனையின் எல்லையையும் நாம் நன்கு உணர்தல் வேண்டும். இது பிழையைக் காட்டுமேயன்றி, கணக்கு சரியென்று சான்று தராது. மேற்கூறிய ஆறு தொகைகளின் ஒன்றாம் இடத்து இலக்கங்களைக் கூட்டினால் 28 வரும். அதிலுள்ள இரண்டு பத்துகளைப் பத்தாம் இடத்திற்கு ஏற்ற மறந்தவர்க்குக் கிடைப்பது 1,298. இதுவும் இரட்டைப்படையே, சோதனை இதனைப் பிடிக்காது. பத்தாம் இடத்திலோ நூறாம் இடத்திலோ மட்டும் நேரும் தவறு எதனையும் இம்முறை காணாது. அவ்வாறே, இரண்டு இடங்களில் ஒவ்வொன்றாக நேர்ந்த தவறுகள் ஒன்றையொன்று மறைத்துவிடவும் கூடும்.

ஆதலால், சோதனையில் தவறிய பட்டியலை உடனே திருப்பி அனுப்புக. தேறிய பட்டியலையோ கீழிருந்து மேலாக ஒருமுறை கூட்டச் செய்து, செலவுச் சீட்டுகளுடன் ஒப்பிட்ட பின்னரே ஏற்றுக்கொள்க.

இவ்விதிகள் புதியன அல்ல. சுமார் கி.மு. 300இல் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், தமது நூலின் ஒன்பதாம் பகுதியில் இவற்றை முறைப்படி நிறுவியுள்ளார். இன்றைய கணிப்பொறிகளும், ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும் செய்தி வழியில் சிதைந்ததா என்றறிய, ஒற்றை இரட்டைச் சோதனையைக் கையாள்வதுண்டு. எண்ணத் தெரிந்த எவரும் இதனை ஒரு நாளில் கற்கலாம். பட்டியலின் கடைசி இலக்கங்களின்மீது ஒரு முறை கண்ணோட்டிய பின்னரே ஒப்பமிடுவது என்னும் வழக்கத்தை உறுப்பினர்கள் மேற்கொள்வார்களாயின், ஊர்ப் பணத்திற்கு அது நல்லதொரு முதற்காவலாக அமையும்.