நுரையீரலில் ரத்தக்கட்டி: மூச்சு சீரானதும் மாத்திரையை நிறுத்தலாமா?

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுச் சாலை சுமார் 60 கிலோமீட்டர். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து, சிகிச்சை முடிந்து கேமரன்மலைத் தோட்டத்துக்குத் திரும்பியவருக்கு அந்தச் சாலை பெரிய சோதனை. மூச்சு சீராகிவிட்டது, கொழுந்து வெட்டவும் போயாகிவிட்டது. இனி எதற்கு ஒரு நாள் வேலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும் என்று தோன்றும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பெரும்பாலும் காலின் உட்புற ரத்தக் குழாயில் உறைந்த கட்டிதான் பிய்ந்து, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து தருவார்கள். மற்றவர்களுக்கு ஹெப்பாரின் வகை ஊசி அல்லது ‘ரத்தத்தை இளக்கும்’ மாத்திரை. பெயர்தான் அப்படி. அது கட்டியைக் கரைப்பதில்லை. பெருகாமலும் புதிதாக உருவாகாமலும் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடம்பே மெல்லச் செய்கிறது. அதற்குக் குறைந்தது 3 மாதம் வேண்டும். காரணம் தெரியாமல் வந்தவர்களுக்கும் மீண்டும் வந்தவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில்கூடத் தேவைப்படலாம்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011இல் இது வந்தது. 2017இல் பிரசவ அறுவைக்காக மருந்தை நிறுத்தியிருந்தபோது மறுபடியும் வந்தது. மூச்சுத் திணறியதும் தமக்கு ஸ்கேன் எடுக்கும்படி அவரே வற்புறுத்தினார்.

வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அளவு வழக்கமாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். காய்கறி விளையும் மலையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பசலைக்கீரை, காய்லான் போன்றவற்றில் உள்ள வைட்டமின் ‘கே’ இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையை ஒதுக்கத் தேவையில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் கூடாது. புதிய வகை மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை. ஆனால் அவற்றின் பலன் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் ஒரு வேளையும் விடக் கூடாது.

உடம்பு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை, நாட்டு மருந்து, சீன மருந்து எதையும் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. உள்ளே கட்டி இருந்தால் அது பிய்ந்து நகரக்கூடும். முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து வாங்குவதற்கென்றே ஒவ்வொரு முறையும் தொலைதூரம் போக வேண்டியதில்லை. எஸ்.பி.யு.பி. முறையில், தொடர் மருந்தை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பெற்றுக்கொள்ள மருந்தகத்தில் கேட்கலாம். மருத்துவர் சந்திப்பு வேறு. அதற்குப் போகத்தான் வேண்டும்.

மூன்று மாதம் கழிந்தும் முன்பு சாதாரணமாக ஏறிய மேட்டில் மூச்சு வாங்குகிறது என்றால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அந்தச் சந்திப்பில் சொல்ல வேண்டும். சிலருக்குக் கட்டி முழுதும் கரையாமல் தழும்பாகி, இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமையாகிறது. எக்கோவும் நுரையீரல் ஸ்கேனும் அதைக் காட்டும்; அதற்குச் சிகிச்சையும் உண்டு.

திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், கறுத்த மலம், தலையில் பலத்த அடி: இவற்றில் எது வந்தாலும் சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் 999ஐ அழைக்க வேண்டும்.