அறுநூறு யென் ரோபோ கார்



நம் கோடம்பாக்கம் வட்டாரத்து மளிகைக் கடைகளில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் அட்டையில் ஒட்டிய ரோபோ கார் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மடக்கினால் கார், விரித்தால் மனித உருவம். பாரிமுனையில் டஜன் கணக்கில் வாங்கி வரும் இந்தச் சரக்கின் பூர்வீகம் ஜப்பான்.

1982-ல் அங்கே பாண்டாய் குழுமத்தைச் சேர்ந்த பாப்பி என்ற கம்பெனி 'மெஷின் ரோபோ' என்ற வரிசையை இறக்கியது. ஒன்றின் விலை 600 யென். வரிசைக்கே '600' என்று பெயர். அதற்கு முன் 1974 முதல் இதே கம்பெனி உலோக வார்ப்பில் கனமான ரோபோக்களைச் செய்து வந்தது. அவை பெற்றோர் யோசித்து வாங்கும் விலை. இதுவோ பையனே காசு சேர்த்து வாங்கும் விலை. அந்த விலைக்குள் அடங்க வேண்டுமென்றே உருவம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது, மடிப்புகளும் குறைந்தன. விலையை முதலில் வைத்து, சரக்கை அதற்குள் அடக்கினார்கள். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் விற்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு தகாரா என்ற போட்டிக் கம்பெனி நிஜக் கார்களைப் போலவே பெரிய ரோபோ கார்களைச் செய்தது. 1983-ல் சிறிய கார்களும் வந்தன. அமெரிக்காவில் பாப்பி சரக்கை டோங்கா கம்பெனி 'கோபாட்ஸ்' என்றும், தகாரா சரக்கை ஹாஸ்ப்ரோ கம்பெனி 1984-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்றும் விற்றன. முதலில் வந்தது கோபாட்ஸ், விலையும் அதற்கே குறைவு. ஆனாலும் தோற்றது அதுதான். இரண்டுக்கும் டி.வி. கார்ட்டூன் இருந்தது. ஹாஸ்ப்ரோவோ ஒவ்வொரு பெட்டியின் பின்புறமும் அந்த ரோபோவின் பெயர், குணம், பலம் எல்லாம் அச்சடித்துக் கொடுத்தது. பையன்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். என் கணக்கில் வியாபாரம் திரும்பியது அங்கேதான். 1991-ல் டோங்காவையே ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. 2007-ல் வந்த சினிமாவில் எல்லோரையும் கவர்ந்த மஞ்சள் கார் பம்பிள்பீ, 1984 வரிசையில் மிக மலிவான குட்டிக் கார்களில் ஒன்று!

நம் நாட்டில் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைத் தயாரித்தது. அது மளிகைக் கடைக்கு ஏற்ற விலை இல்லை. 2001 ஏப்ரலில் இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கியபின் மலிவான சீனச் சரக்கு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இங்கேதான் கவனம் தேவை. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தயாரிப்பவருக்கு மட்டுமல்ல, தொங்கவிட்டு விற்பவருக்கும் சட்டம் பொருந்தும். பத்து உருப்படிதானே என்ற பேச்சு எடுபடாது. கொள்முதலின்போது பில் கேளுங்கள். அட்டையில் முத்திரைக்குக் கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையைப் போலியாகவும் அடிக்கிறார்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செல்போன் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். மொத்தக் கடையில் நின்றபடியே, பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடலாம்.